ஆறரைக் கிலோ

பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக அறுப்பதற்காகத் தங்கையின் கணவன் இரும்பு அறுக்கும் ரம்பத்தை இரவல் கேட்டு வந்தபோது, அக்கா மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தாள். இப்படி ஒரு காட்சி தானாக வந்து நிற்கும்போது அதைத் தடுக்க அவளுக்கு என்ன பைத்தியமா?

அவன் பிரஷ்ஷை வைஸில் வைத்து இறுக்கினான். நாக்கின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அறுத்தான். துண்டு கீழே விழுந்ததும் பையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு தராசை எடுத்து அதை நிறுத்தான். ஏழு கிராம். சின்ன நோட்டில் எழுதிக்கொண்டான். அறுத்த காம்பு பிசிறு தட்டியிருந்ததால் அரம் கேட்டான். அதையும் கொடுத்தாள்.

"பல்லையும் ரெண்டு பிடுங்கிடலாமே மாப்பிள்ளை. அதுலயும் கொஞ்சம் குறையும்."

"பல்லு ரெண்டு கிராம்கூட தேறாது அக்கா" என்றான் அவன், கோபமே இல்லாமல். யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் போல இருந்தது.

இதுதான் அவளுக்குத் தாங்காது. கேலி செய்தால் கேலியாகத் திரும்பி வர வேண்டும், இல்லை முகமாவது சுண்ட வேண்டும். இவனிடம் எதைப் போட்டாலும் அதை எடை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிடுவான். விமானத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் பதினோரு வருடமாக வேலை. பெட்டிகளை நிறுத்து நிறுத்து, கடைசியில் மனுஷனே தராசுத் தட்டு மாதிரி ஆகிவிட்டான் என்று அவள் தங்கையிடமே சொல்லியிருக்கிறாள். மனதுக்குள் அவனுக்கு அவள் வைத்திருந்த பெயர் தராசு. நல்லவேளையாக இதுவரை வாய் தவறவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் சைக்கிள் கடையை அவர் போன பிறகு அவள்தான் நடத்துகிறாள். எழுபது வயதுக்காரரும் வந்து நின்று "அக்கா, பின்னாடி வீல் ஆடுது" என்றுதான் சொல்வார். கோணிப்போன சக்கரத்தைப் பெண்டு எடுப்பதில் அந்தப் பக்கத்தில் அவளுக்கு இணை கிடையாது. வந்தவர்களையும் அதே கையோடு பெண்டு எடுத்து அனுப்புவாள் என்று ஒரு பேச்சு உண்டு. செயினுக்குச் சமையல் எண்ணெய் விட்டவனை, காற்றில்லாமல் மூன்று தெரு ஓட்டி ரிம்மைக் கெடுத்தவளை, இணையத்தில் பார்த்துத் தானே கழற்றிவிட்டுக் கோணிப்பையில் போட்டு எடுத்து வந்தவனை அவள் லேசில் விடுவதில்லை. அப்பாவும் அப்படித்தான். ஆளை நிமிர்ந்து பார்க்க மாட்டார். சைக்கிளைப் பார்ப்பார், ஒரு மூச்சு விடுவார், அந்த மூச்சிலேயே எதிரே நிற்பவன் பாதியாகக் குறைந்துவிடுவான். அந்த மூச்சை அவள் பதினைந்து வயதில் கற்றுக்கொண்டாள். பிறரை இளக்காரமாகப் பார்க்கும்போது முதுகு தானாக நிமிர்வதை அவளே கவனித்திருக்கிறாள். மற்ற நேரங்களில் அது சற்றுக் கூன் போட்டுத்தான் இருக்கும்.

தங்கை பதினோரு வயது இளையவள். கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவள். நாளெல்லாம் சின்ன எழுத்தைக் காட்டி, அதைவிடச் சின்ன எழுத்தைக் காட்டி, "இது தெரியுதா, இது?" என்று கேட்பது அவள் வேலை. கடைக்கு மேலே இருக்கும் இரண்டு அறைகளில் அக்காவும் தங்கையும் மட்டுமாகப் பதினெட்டு வருடம் இருந்தார்கள். பத்தொன்பதாவது வருடம் தராசு வந்தான்.

இப்போது அவனும் தங்கையும் சைக்கிளில் இரண்டாயிரம் கிலோமீட்டர் போகப் போகிறார்கள். நாற்பது நாள். நடுவில் ஒரு மலைத்தொடர், அதைத் தாண்டி முந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு பஞ்சர் கடைகூட இல்லாத வெட்டவெளி. தங்கை நான்கு வருட விடுப்பைச் சேர்த்து வைத்திருந்தாள். அவள் எதில் போவது என்பதுதான் இரண்டு மாதமாகத் தீராத வழக்கு.

அவன் அவளுக்கென்று எடுத்து வைத்திருந்தது கார்பன் இழையில் செய்த சைக்கிள். ஒன்பது கிலோ நூறு கிராம். சக்கரத்துக்கு இருபது கம்பிதான். அதில் கேரியர் மாட்டத் துளையே கிடையாது, ஏனென்றால் அதைச் செய்தவர்கள் யாரும் அதில் மூட்டை ஏறும் என்று கனவிலும் நினைக்கவில்லை. அவன் சீட்டுக்குக் கீழிருந்து பின்சக்கரத்துக்கு இறங்கும் இரண்டு மெல்லிய குழாய்களையும் கிளிப் போட்டுக் கவ்வி, அதில் கேரியரை நிறுத்தியிருந்தான். அதைப் பார்த்த அன்று அக்கா அப்பாவின் மூச்சை விட்டாள்.

அவள் செய்து வைத்திருந்தது ஸ்டீல். ஆறு மாதம் கடையை மூடிய பிறகு உட்கார்ந்து செய்தது. பின்சக்கரத்துக்கு முப்பத்தாறு கம்பி, ஒவ்வொன்றையும் விரலால் சுண்டி, சத்தம் கேட்டு இறுக்கியது. கேரியர் ஃபிரேமோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டது. எங்காவது உடைந்தாலும் ஏதாவது ஊரில் ஒரு கதவு வெல்டிங் செய்பவன் ஒட்டவைத்துவிடுவான். பதினைந்து கிலோ அறுநூறு.

"ஆறரைக் கிலோ அதிகம் அக்கா" என்றான் தராசு. "ஒரு மலை ஏறும்போது ஆறரைக் கிலோன்னா, ஆறு பாட்டில் தண்ணியை வெறுமனே தூக்கிட்டுப் போற மாதிரி. நாற்பது நாளும்."

"வெட்டவெளியில உங்க ஒன்பது கிலோ ரெண்டா உடைஞ்சா, பாதிக்கு நாலரைக் கிலோதான் மாப்பிள்ளை. தூக்கிட்டு நடக்க ரொம்ப சுலபம்."

தங்கை இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் மூட்டையோடு ஓட்டிப் பார்க்கிறேன், அதற்குப் பிறகு நான் சொல்வதுதான் முடிவு என்றாள். முதல் நாள் அவள் ஸ்டீலில், அக்கா கார்பனில். மறுநாள் மாற்றிக்கொள்வது. தராசு தன்னுடைய சைக்கிளில் கூடவே வருவான்.

அக்கா ஒத்துக்கொண்டாள். வெறும் சைக்கிள் விஷயம் என்றுதான் பார்ப்பவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் கல்யாணமாகிப் போன இந்த ஒன்றரை வருடத்தில் தங்கை அக்காவிடம் கேட்டு வாங்கிக்கொண்டது எதுவுமில்லை. பாத்திரம் வேண்டாம், பீரோ வேண்டாம், யோசனைகூட வேண்டாம். இந்த ஒன்றையாவது அவள் கொண்டு போக வேண்டும். நாற்பது நாளும் அவள் உட்காருவது தன் கை இறுக்கிய சக்கரத்தின் மேலாக இருக்க வேண்டும். இதை வாய்விட்டுச் சொல்லும் அளவுக்கு அக்கா தாழ்ந்துபோகவில்லை. அதனால் கார்பனைத் திட்டினாள்.

*

முதல் நாள் எழுபது கிலோமீட்டர், மலையடிவாரம் வரை. மூட்டையைச் சேர்த்தும்கூட அந்தக் கார்பன் சனியன் காலுக்குக் கீழே இருப்பதே தெரியவில்லை. மிதித்த மிதி எங்கேயும் தங்காமல் நேராகச் சாலைக்குப் போனது. ஒரு சின்ன ஏற்றத்தில் தன்னை அறியாமல் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்து, மேலே வந்து சேர்ந்தபோது, தான் சிரித்துக்கொண்டிருப்பதை அக்கா உணர்ந்தாள். யாரும் பார்த்துவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்தாள். தங்கை சற்றுப் பின்னால் தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாள். தராசு அவளுக்குத் துணையாக மெதுவாக வந்துகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு சாலை மோசமாகியது. அக்கா குழிகளைத் தவிர்க்கவில்லை. வேண்டுமென்றே இறக்கினாள் என்று சொல்ல முடியாது. ஒதுக்கி ஓட்டவில்லை, அவ்வளவுதான். வேண்டுமென்று செய்வதற்கும் தடுக்காமல் விடுவதற்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அவள் வாழ்க்கையில் பல காரியங்களை அந்தச் சந்துக்குள் வைத்துத்தான் முடித்திருக்கிறாள். இந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கல்யாணத்துக்கு முன் யாரோ கேட்டபோது "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா" என்று சொன்னதும் அப்படித்தான்.

சாயங்காலம் விடுதி அறையில் தங்கை முழங்காலில் வெந்நீர்த் துணியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சைக்கிள் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் கால் பழகவில்லை என்றாள். அந்த மரியாதையான பேச்சு அக்காவுக்குப் பிடிக்கவில்லை. கனமா இருக்கு, செத்துட்டேன் என்று சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். தராசு நோட்டைத் திறந்து இருவருடைய நேரத்தையும் படித்தான். அக்கா ஐம்பத்திரண்டு நிமிடம் முன்னதாக வந்திருந்தாளாம். "உங்களுக்கே பிடிச்சிருந்துதுல்ல அக்கா? அந்த ஏற்றத்துல திரும்பினப்போ முகத்துலயே தெரிஞ்சுது" என்றான்.

பார்த்திருக்கிறான். அவனை அதற்கு முன் அவள் வெறுத்தது ஒன்றுமே இல்லை என்று ஆகும்படி அந்த நிமிடம் வெறுத்தாள்.

*

காலையில் எல்லாருக்கும் முன்பாக எழுந்து சைக்கிளைத் தொட்டுப் பார்ப்பது அவளுக்குப் பல் விளக்குவது மாதிரி. விடுதியின் பின்பக்கம், தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் மூன்றும் நின்றன. டயரை அமுக்கினாள், பிரேக்கைப் பிடித்தாள், கேரியரை ஆட்டினாள். கார்பனின் இடது பக்க மெல்லிய குழாயில் கிளிப்புக்குக் கீழே கட்டைவிரலை ஓட்டியபோது நகத்தில் ஏதோ தட்டியது. துணியால் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். குறுக்கே, விரல் நகத்தின் பாதி நீளம்.

அவள் முதலில் செய்ததை அவள் செய்யவில்லை, கை செய்தது. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் மெழுகு பென்சிலை எடுத்து விரிசலின் இரண்டு முனையிலும் குட்டிக் கோடு ஒன்று போட்டது. விரிசல் வளர்கிறதா என்று பின்னால் பார்ப்பதற்காகக் கடையில் எப்போதும் செய்வது. கண்ணுக்குப் பட்ட விரிசலுக்குக் கோடு போடாமல் அவளால் நகர முடியாது.

அதற்குப் பிறகுதான் மனது வந்து சேர்ந்தது. வந்ததும் முதலில் குதூகலித்தது. நான் சொன்னேன் அல்லவா. இரண்டு மாதமாகச் சொன்னேன் அல்லவா.

இப்போது கூப்பிட்டுக் காட்டலாம். காட்டினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நேற்று ஓட்டியது யார், எழுபது கிலோமீட்டரில் எந்தெந்தக் குழியில் இறக்கினீர்கள் என்று அவன் நோட்டை எடுப்பான். இல்லை, கிளிப்பைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் போட்டால் தாங்கும் என்பான். தங்கை அவன் முகத்தைப் பார்ப்பாள். வழக்கு இன்னொரு மாதம் இழுக்கும். ஆனால் அதுவாகவே இவர்கள் கண்ணெதிரே ஒடிந்தால்? ஏற்றத்தில் ஒடிந்தால் ஒன்றும் ஆகாது, நடக்கிற வேகம்தான். முதலில் முனகும், பிறகு கேரியர் ஒரு பக்கமாகச் சாயும், தங்கை காலை ஊன்றி நின்றுவிடுவாள். மலை பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம், அதற்குள் கண்டிப்பாக ஒடிந்துவிடும். ஒடியாவிட்டாலும் உச்சியில் தேநீர்க் கடையில் நிற்பதாகப் பேச்சு. இறக்கத்துக்கு முன் அங்கே சொல்லிவிடலாம். முப்பது வருடக் கை. எது எப்போது ஒடியும் என்று அவளுக்கா தெரியாது?

தராசு துண்டால் காதைத் துடைத்தபடி வந்தான்.

"எல்லாம் சரியா அக்கா?"

"ஓட்டலாம்" என்றாள்.

*

ஏற்றம் தொடங்கிய பத்து நிமிடத்தில், இன்று கார்பனில் ஏறிய தங்கை காணாமல் போனாள். நேற்று முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இவள்தானா என்று இருந்தது. வளைவுக்கு மேல் வளைவாக முதுகு மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் இல்லை. தான் செய்த ஸ்டீலை அக்கா கீழிருந்து மேலே இழுத்துக்கொண்டு வந்தாள். அது புகார் சொல்லாமல் வந்தது. ஆனால் தன்னை அவளே தூக்கி வரச் சொன்னது. மூச்சு வாங்கியது. மேலே எங்கேயோ தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. தராசு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவனுக்கு வேடிக்கையாகப் பேச வருமா? கடையின் மேல் அறைகளில் பதினெட்டு வருடம் கூட இருந்தும் அந்தச் சிரிப்பை அக்கா கேட்டதில்லை. அங்கே சிரிப்பதென்றால் யாரையாவது பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

கேரியர் முனகும் முனகும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டே ஏறினாள். கேட்கும் தூரத்தில் அவர்கள் இல்லை என்பது பாதி மலையில்தான் உறைத்தது. அதுவரை நிதானமாக இருந்தவள் சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தாள்.

உச்சியில் தேநீர்க் கடை வாசலில் இரண்டு பெஞ்சும் காலியாக இருந்தன. கடைக்காரர் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்களா என்று கேட்டாள்.

"இப்பத்தான் வந்தாங்க, நிக்கலையே. அந்தப் பொண்ணு கையை ஆட்டிட்டு அப்படியே இறங்கிடுச்சு. பின்னாடியே அவரும் போயிட்டாரு."

முப்பது வருடக் கையின் கணக்கில் தங்கை சந்தோஷமாக இருப்பாள் என்பது மட்டும் சேரவில்லை.

அவள் இறங்கினாள். ஏற்றத்தில் அவளைப் பின்னுக்கு இழுத்த கனம் இறக்கத்தில் முதுகில் கை வைத்துத் தள்ளியது. பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டாள். மூன்றாவது வளைவில் தராசைத் தாண்டினாள். அவன் என்னவோ கேட்டது காற்றில் போயிற்று. ஐந்தாவது வளைவு தாண்டியதும் தங்கையின் முதுகு தெரிந்தது. பின்னால் மூட்டை இடது பக்கமாக ஒரு விரல் அளவு இறங்கியிருந்தது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. இவளுக்குச் சுவர் இடிந்தது போலத் தெரிந்தது.

கத்தினாள். தங்கை திரும்பிப் பார்த்தாள். அக்கா இத்தனை வேகமாக வருவதைக் கண்டதும் முகம் மலர்ந்தது. போட்டி என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து வேகத்தைக் கூட்டினாள்.

அந்த மலர்ந்த முகம் பிற்பாடு அக்காவுக்குப் பல நாள் வேலைக்கு நடுவில் வந்து நின்றது.

"நிறுத்துடி. கேரியர். நிறுத்து." பக்கத்தில் வந்து சொன்னபோது குரல் அவளுடையதாக இல்லை. தங்கை அதைக் கேட்டுத்தான் பிரேக்கைப் பிடித்திருக்க வேண்டும். வளைவின் வெளி ஓரத்தில் சரளையில் வழுக்கி, ஒரு காலை ஊன்றி நின்றாள். குழாய் அப்போதுதான் ஒரு சின்னச் சத்தம் போட்டது, குச்சி ஒடிவது போல. மூட்டை சக்கரத்தின் மேல் உட்கார்ந்தது. அவள் காலுக்கு இரண்டு முழம் தள்ளி சாலை முடிந்து பள்ளம் தொடங்கியது.

தராசு வந்து சேர்ந்து, சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். தங்கையைத் தொட்டுப் பார்த்தான், தோள், முழங்கை, முழங்கால். பிறகு கேரியரைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"பின்னாடி இருந்தே பார்த்துட்டீங்களா அக்கா" என்றான். "நான் கூடவே வந்தேன், எனக்குத் தெரியலையே. நீங்க இல்லைன்னா..." முடிக்க முடியாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.  நீங்க சொன்னதுதான் சரி என்று இரண்டு முறை சொன்னான்.

ஆக, ஜெயித்தாகிவிட்டது. இத்தனை சுலபமாக, இவன் வாயாலேயே. நன்றியும் மேலே வைத்துத் தருகிறான். வாங்கி வைத்துக்கொண்டால் போதும். அக்கா வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தாள். அதை அவள் பின்னால் தனக்குத்தானே மறைத்துக்கொள்ளவில்லை.

தங்கை மூட்டையின் கட்டை அவிழ்த்து இறக்கிவிட்டு, ஒடிந்த குழாயின் அருகில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். சின்னதைப் பார்த்துப் பழகிய கண். அந்தக் கடையிலேயே வளர்ந்தவள் வேறு.

"இது எப்போ போட்ட கோடு?"

அக்காவின் இன்னொரு கை சட்டைப் பையிலிருந்த பென்சிலை மூடியது.

"மஞ்சள் கோடு அக்கா. எப்போ போட்டே?"

"காலையில."

"காலையில எப்போ?"

"நீ பல் விளக்கிட்டு இருந்தப்போ."

தராசு அக்காவின் கையை விட்டான். தானும் குனிந்து பார்த்தான். ஒடிந்த விளிம்பில் ஒரு மஞ்சள் கோடு இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமுமாக இருந்தன. உடைப்பு இரண்டையும் தாண்டி ஓடியிருந்தது. "அப்போ இவ்வளவுதான் இருந்திருக்கு" என்று விரல்களுக்கு நடுவே அளந்து காட்டினான். இப்போதும் அளக்கிறான் பார் என்று அக்காவுக்குத் தோன்றியது. அந்த நேரத்திலும் அது தோன்றியது.

"உச்சியில சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். "ஏற்றத்துலயே ஒடிஞ்சிடும்னு நினைச்சேன். அதுல ஒண்ணும் ஆகாது."

"ஒடியணும்னு நினைச்சே."

"நான் சொன்னா நீங்க ரெண்டு பேரும் கேட்டிருக்க மாட்டீங்க."

"சொல்லிப் பார்த்தியா?"

மேலேயிருந்து ஒரு வண்டி இறங்கி வந்து, இவர்களைப் பார்த்து வேகத்தைக் குறைத்து, பிறகு போய்விட்டது. தங்கை எழுந்து நின்று கையில் ஒட்டிய சரளையைத் தட்டினாள். அவள் அழுவாள், அழுதால் சமாதானம் செய்யலாம் என்று அக்கா காத்திருந்தாள். தங்கை அழவில்லை. சத்தம்கூடப் போடவில்லை.

"இவர் கிராம் பார்த்து என்னைப் பள்ளத்துல தள்ளியிருந்தா அது முட்டாள்தனம். நீ பண்ணினதுக்கு என்ன பேரு, நீயே சொல்லு."

அப்புறம் அவள் ஒரு மூச்சு விட்டாள். மூக்கு வழியாக, சின்னதாக. அப்பாவின் மூச்சு. எதிரே நிற்பவர் பாதியாகக் குறைந்துபோகும் அந்த மூச்சு. தங்கைக்கு அது வரும் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கவில்லை. இத்தனை நாள் அதை அவள் யார் மேலும் செலவழித்ததில்லை போல.

ஒன்பது கிலோமீட்டர் மூவரும் நடந்து இறங்கினார்கள். கார்பனின் மூட்டையையும் ஸ்டீலின் மேலேயே கட்டினார்கள். தராசு ஒடிந்ததைத் தோளில் மாட்டிக்கொண்டான், அவனுடையதைத் தங்கை தள்ளினாள். இரட்டை மூட்டையோடும் ஸ்டீல் சக்கரம் ஒரு இழை ஆடாமல் நேராக உருண்டது. அக்கா அதைத் தள்ளிக்கொண்டே பார்த்தாள். பெருமையாக இருந்தது. பெருமையாக இருக்கிறதே என்று உடம்பெல்லாம் கூசியது. இரண்டும் ஒன்றையொன்று தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் பக்கத்தில் கீழே வரை வந்தன.

*

எட்டு நாள் தங்கை பேசவில்லை. போனில் கூப்பிட்டால் வேலையில் இருக்கிறேன் என்று மட்டும் வந்தது. அக்கா அந்த எட்டு நாளும் ஸ்டீல் சைக்கிளை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, சரியாக இருந்ததையெல்லாம் மறுபடி சரி செய்தாள். கடைக்கு வந்தவர்களில் யாரையும் திட்டவில்லை. ஒருவர் உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

ஒன்பதாம் நாள் ஷட்டரைத் தூக்கும் நேரத்துக்கு இருவரும் வந்தார்கள். தராசு தெருவிலேயே நின்றுகொண்டான். தங்கை உள்ளே வந்து, உட்காரச் சொல்வதற்கு இடம் கொடுக்காமல், ஸ்டாண்டில் இருந்த சைக்கிளைப் பார்த்தாள்.

"இதையே எடுத்துக்கறேன். வெட்டவெளிக்கு இதுதான் சரி. அவரும் தனக்கு ஸ்டீல்ல ஒண்ணு வாங்கிட்டார்."

அக்கா என்னென்னவோ சொல்ல வந்து, எடை எவ்வளவு என்று கேட்டாள், அவனுடையது. பதினாலு என்றாள் தங்கை. ஸ்டாண்டின் பிடியைத் தளர்த்தி சைக்கிளை இறக்கும்போது அக்காவின் கை துணியைத் தேடி, துடைத்த சீட்டை மறுபடியும் துடைத்தது. அப்போது தங்கை சொன்னாள்:

"கிளம்பறதுக்கு முன்னாடி வேற கடையில ஒரு தடவை காட்டிட்டுப் போறோம்."

"எதுக்கு?"

"எல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க."

"நான் பார்த்துட்டேனே."

தங்கை அவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சின்ன எழுத்தைக் காட்டி, தெரிகிறதா என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பவளின் பார்வையாக இருந்தது.

"எந்தக் கடை?"

"பாலத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒருத்தர் திறந்திருக்காருல்ல."

அவனா. சுத்தியலைத் தவிர வேறு எதையும் நம்பிக்கையோடு பிடிக்கத் தெரியாதவன். பூ வரைந்த பலகை வைத்து, சைக்கிளைக் கழுவித் தருவதையே சர்வீஸ் என்று சொல்கிறவன். வாய் வரை வந்தது. முதுகுகூட நிமிர ஆரம்பித்துவிட்டது. பாதியில் நின்றுவிட்டது.

"பின்சக்கரத்துல செயின் பக்கத்துக் கம்பியை இறுக்கமா வச்சிருக்கேன்" என்றாள். "அது அப்படித்தான் இருக்கணும். அந்த ஆளு ரெண்டு பக்கமும் சமமா இருக்கட்டும்னு தளர்த்திடுவான். அப்படிப் பண்ணினா மூட்டையோட போகும்போது ஒண்ணு ஒண்ணா உடையும். தளர்த்த வேணாம்னு சொல்லு."

 அக்கா வாசல் பக்கம் திரும்பித் தராசிடம் அதையே மறுபடியும் சொன்னாள். அவன் நோட்டை எடுத்து மரியாதையாக எழுதிக்கொண்டான். எவ்வளவு இறுக்கம் என்று ஏதாவது நம்பர் இருக்கிறதா என்று கேட்டான்.

நம்பர் இல்லை. அவள் நம்பரே வைத்துக்கொண்டதில்லை. சுண்டிப் பார்த்தால் தெரியும் என்றாள். அவன் பேனாவை மூடிப் பையில் வைத்தான்.

"நிஜமாத்தான் சொல்றேன்" என்றாள் அக்கா தங்கையிடம். "நான் சொல்றதைக் கேளு. அதைத் தொட விடாதே."

"பார்க்கிறவரு தளர்த்தணும்னு சொன்னா தளர்த்தட்டும்" என்றாள் தங்கை. சைக்கிளின் கைப்பிடியை அக்காவின் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, நகராமல் நின்றாள்.

தான் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அக்காவுக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. விலகி வழி விட்டாள்.